முப்பது ரூபாய் ஸ்டாம்புக்கு ஐம்பத்தைந்து ரூபாய் டிராக்கிங்கா?

இணையச் சந்தைத் தளத்தின் விற்பனையாளர் பிரிவு நிர்வாகத்தாருக்கு,

உங்கள் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அது உங்களுக்கும் தெரியும், என்னைப்போல் உங்களிடம் சில்லறையாக விற்கிறவர்களுக்கும் தெரியும். போன வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல், பொருள் என்ன விலையாக இருந்தாலும் டிராக்கிங் எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். இல்லாமல் அனுப்பினால், வாங்கியவர் ‘வரவில்லை’ என்று அழுத்தியதுமே எங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும், கேள்வி கிடையாது. அப்படி அனுப்பப்படும் பொருள்கள் தேடும்போது கீழே தள்ளப்படும். இவ்வளவுதான் அறிவிப்பு. எங்களில் யாரையாவது கேட்டுவிட்டு எடுத்த முடிவாக எனக்குத் தெரியவில்லை.

நான் கொருக்குப்பேட்டையில் வீட்டிலிருந்தே பழைய ஸ்டாம்ப் விற்கிறவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். ராஜாஜி சாலையிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் இருந்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்களுக்குக் காகிதம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதி. குப்பைக்குப் போக வேண்டிய வெளிநாட்டுக் கவர்களை அங்கிருந்த கிளார்க்குகள் அவருக்காக எடுத்து வைப்பார்கள். சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் காலி டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிரீஸ், போலந்து, ஜப்பான் எல்லாம் இருக்கும். முப்பது வருஷச் சேர்மானம். அவர் போன பிறகு கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய ஸ்டாம்ப் மிச்சம். விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சாதா சரக்கும்மா” என்று கிளம்பிவிட்டார்கள். சரி, சாதா சரக்கை வாங்க யாருமே இல்லையா என்ன? கப்பல் படம் போட்ட ஸ்டாம்ப், பறவை ஸ்டாம்ப், முக்கோண ஸ்டாம்ப் என்று பிரித்து, 15 ஸ்டாம்ப் 30 ரூபாய், 25 ஸ்டாம்ப் 50 ரூபாய் என்று போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சின்ன வயசில் விட்ட ஆல்பத்தை இப்போது தூசி தட்டுகிற பெரியவர்களும் வாங்குகிறார்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன விற்பனையாளரும் தன் மாநிலத்துக்குள் இணையத் தளம் வழியாக விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்தார்கள். நான் அந்த நவம்பரில் உங்களிடம் சேர்ந்தேன். அதனால் என் கவர் எதுவும் தமிழ்நாட்டைத் தாண்டுவதில்லை.

ஒரு கவர் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காகிதத் துண்டோடு வெட்டிய ஸ்டாம்பை ஒரு பேசின் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப் போட்டால் பசை விட்டுத் தானாகப் பிரிந்து வரும். பழைய பேப்பரில் கவிழ்த்துக் காயவைத்து, தடிப் புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் சுருக்கம் போய்விடும். பிறகு கிளாசின் உறை, அதாவது வழுவழுப்பான மெல்லிய காகித உறை. மடங்காமலிருக்க, கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டை. (எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் முடிந்தாலும் பத்திரிகை என்னிடம்தான் வந்து சேரும். பிள்ளையார் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டுவதில்லை.) வெளியே ஒரு வெள்ளைக் கவர். நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் சின்னத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன், அதில் வைத்தால் 8 கிராம், மிஞ்சினால் 9. 10 கிராமைத் தாண்ட விடவே மாட்டேன். காரணம் இருக்கிறது. 2022 ஜூலை 18-லிருந்து, 10 கிராமுக்குக் குறைவான சாதாரணக் கவருக்கு மட்டும்தான் ஜி.எஸ்.டி. விலக்கு. 5 ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டி, தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது.

அந்த 5 ரூபாய் ஸ்டாம்பே எங்கள் வியாபாரத்தில் பாதி. வாங்குகிறவர்கள் ஸ்டாம்ப் சேர்க்கிறவர்கள் இல்லையா? “அக்கா, கவர் மேல நல்ல படம் போட்ட ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்க, சீல் அடிச்சு வந்தா அதையும் வெச்சுக்குவேன்” என்பார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் கவுண்டரில் பார்கோடு லேபிள் ஒட்டித் தருவார்கள். ஸ்டாம்ப் வாங்கியவருக்கு ஸ்டாம்ப் இல்லாத கவர் போய்ச் சேரும். இதை நீங்கள் யோசித்திருக்க முடியாது, அதைக் குறையாகவும் சொல்லவில்லை. பொருளைத் தெரியாமல் எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி காசுக் கணக்கு. முன்பெல்லாம் நடுவில் ஒரு வழி இருந்தது, பதிவுத் தபால். 5 ரூபாய் தபால் கட்டணம், 17 ரூபாய் பதிவுக் கட்டணம், வரியோடு 26 ரூபாய்க்குள் ஒரு எண் கிடைத்துவிடும். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அந்த அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. 2012-க்குப் பிறகு இப்போதுதான் ஏற்றுகிறார்கள் என்பதால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், அது வேறு பேச்சு. இன்றைக்கு 50 கிராமுக்குள் ஒரு கவர் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எங்கே போனாலும் 47 ரூபாய். அதன்மேல் 18 சதவீத வரி. திண்டுக்கல்லுக்குப் போகிற என் 9 கிராம் கவருக்கு 55 ரூபாய் 46 காசு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத எனக்கு அந்த 8 ரூபாய் 46 காசு வரி எந்தக் கணக்கிலும் திரும்பி வராது. பெரிய கம்பெனி அதை ஈடு கட்டிக்கொள்ளும்.

புத்தகம் விற்கிறவர்களுக்காவது 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற மலிவான தபால் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும், டிராக்கிங் எண்ணும் உண்டு. ஸ்டாம்ப், பழைய போஸ்ட்கார்டு, தீப்பெட்டிப் படம் விற்கிறவர்களுக்கு அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

நான் ஒரு நோட்டில் எல்லாக் கவரையும் எழுதி வைக்கிறேன். தேதி, ஊர், விலை, போய்ச் சேர்ந்ததா என்று நான்கு பத்தி. சேர்ந்த நாளிலிருந்து போன மாதக் கடைசி வரை, டிராக்கிங் இல்லாமல் அனுப்பிய கவர்கள் 412. அதில் 72 சென்னைக்குள், மீதி 340 வெளியூர். ‘வரவில்லை’ என்று புகார் வந்தது 11. அந்தப் பதினொன்றில் 6 தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த வாரத்தில் போட்ட இரண்டும் அந்த ஆறில் அடக்கம். அந்த வாரம் எங்கள் பக்கம் பால் பாக்கெட்டே வரவில்லை, கவர் எங்கே போகும்? கடைசி வரை சேராதவை ஐந்தே ஐந்து. வழியில் விழுந்ததா, வாசலில் காணாமல் போனதா, பொய்ப் புகாரா, எனக்குத் தெரியாது. ஐந்துக்கும் மறுபேச்சு இல்லாமல் பணம் திருப்பிவிட்டேன், மொத்தம் 210 ரூபாய்.

இதே 412 கவரையும் இன்றைய கட்டணத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருந்தால், 5 ரூபாய் ஸ்டாம்பைக் கழித்துவிட்டு, சென்னைக்குள் 1,254 ரூபாயும் வெளியூருக்கு 17,156 ரூபாயும் கூடுதலாகப் போயிருக்கும். ஆக 18,410 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கவர்களில் நான் செய்த மொத்த விற்பனையே 18,540 ரூபாய்தான், அதில் உங்கள் கமிஷனும் அடக்கம். 210 ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க விற்ற காசு முழுவதையும் கட்டச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் இட்லி விற்கிற ஆயாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “இன்னாமே, காக்கா ஒரு இட்லி தூக்கினு போச்சுன்னு வாட்ச்மேன் வெப்பாங்களா?” என்று கேட்டார்.

‘தபால் கட்டணத்தை வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்’ என்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். அறிவிப்பு வருவதற்கு முன்பே ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு எல்லாப் பொருளுக்கும் டிராக்கிங் கட்டணத்தைச் சேர்த்து விலை போட்டேன். வழக்கமாக அந்த நாள்களில் ஏழெட்டு ஆர்டர் வரும். இரண்டுதான் வந்தது, இரண்டும் 200 ரூபாய்க்கு மேற்பட்டவை. 30 ரூபாய் பாக்கெட்டை ஒருவர்கூடத் தொடவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் தொட மாட்டேன்.

டிராக்கிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 300 ரூபாய்க்கு மேல் போனால் நானாகவே ஸ்பீட் போஸ்ட்டில்தான் அனுப்புகிறேன், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் புத்தி எனக்கு அடிபட்டுத்தான் வந்தது. சுதந்திரம் வந்ததும் 1947 நவம்பர் 21-ஆம் தேதி தேசியக் கொடி போட்ட மூன்றரை அணா ஸ்டாம்ப் வெளியிட்டார்கள். டிசம்பர் 15-இல் அசோகர் தூண் போட்டது ஒன்று, விமானம் போட்டது ஒன்று. மூன்றும் சேர்ந்த செட் அப்பாவிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை 400 ரூபாய்க்கு விற்று, 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டேன். போய்ச் சேரவில்லை. நான் உங்களிடம் சேர்வதற்கு முன்பு, தெரிந்தவர் மூலம் நடந்தது அது, அதனால் மேலே சொன்ன கணக்கில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, அப்பாவின் கையெழுத்தில் ‘கொடி’ என்று பென்சிலால் எழுதிய அந்தச் சின்ன உறையும் சேர்ந்து போனதுதான் இன்னும் உறுத்துகிறது. இன்றைக்கு அதற்கு 55 ரூபாய் என்ன, 100 ரூபாய் கேட்டாலும் கட்டுவேன். எந்தக் கவருக்கு டிராக்கிங் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விற்கிறவளுக்குத் தெரியும் என்கிறேன்.

டிராக்கிங் இருந்தால் தகராறே வராது என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. போன வருஷம் பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 350 ரூபாய் ஆல்பம் ஒன்று ஸ்பீட் போஸ்ட்டில் போனது. திரையில் ‘டெலிவர்டு’ என்று வந்துவிட்டது. வாங்கியவர் ‘என் கைக்கு வரவில்லை’ என்கிறார். நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், ‘வந்துவிட்டது’ என்று அவர் புகாரை மூடிவிட்டீர்கள். மனுஷன் என்னைத் திருடி என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை நானே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் வாட்ச்மேன் இல்லை. கேட் ஓரமாக இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன், “இந்தக் கவரா பாருங்க” என்று மடித்து வைத்த வேட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். யாரோ அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார், சொல்ல மட்டும் மறந்துவிட்டார். ஆக, எண் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் பொய் சொல்லவில்லை. ஓ.டி.பி. சொன்னால்தான் கையில் கொடுக்கிற வசதியும் இப்போது வந்திருக்கிறது, அதற்குத் தனியாக 5 ரூபாயும் வரியும். 30 ரூபாய் ஸ்டாம்புக்கு அதையும் சேர்த்துக் கட்டினால் 61 ரூபாய் ஆகிறது.

‘வரவில்லை’ பொத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன், கப்பல் ஸ்டாம்பாகக் கேட்டுக் கேட்டு வாங்குகிறவன். ஆறாம் நாள் பொறுமை இல்லாமல் பொத்தானை அழுத்திவிட்டான். 30 ரூபாயோடு ‘சேவைக் குறைபாடு’ என்று இன்னொரு 20 ரூபாயும் என் கணக்கில் பிடித்தீர்கள். ஒன்பதாம் நாள் எனக்குச் செய்தி அனுப்பினான்: “அக்கா கவர் வந்துடுச்சு. ரீஃபண்டும் வந்துடுச்சு. பணத்த எப்படித் திருப்பித் தர்றது?” உங்கள் தளம் முழுக்கத் தேடியிருக்கிறான், அப்படி ஒரு வழியே இல்லை. உங்களுக்கு எழுதினேன். புகார் மூடப்பட்டது என்று தானாக ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? அதே பாக்கெட்டை இன்னொரு தடவை ஆர்டர் போட்டுவிட்டு, “இத அனுப்பாதீங்கக்கா, பழைய கணக்கு” என்று எழுதினான். அனுப்பாமல் விட்டால் அதற்கும் அபராதம் போடுவீர்கள் என்பதால் உள்ளே ஒரே ஒரு ஸ்டாம்ப் வைத்து அனுப்பினேன். நார்வே, பாய்மரக் கப்பல். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் நேர்மையாக இருக்க இவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது.

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஒரே ஆள் மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை ‘வரவில்லை’ என்று பணம் வாங்கியிருக்கிறார். மூன்றாம் தடவை ஆர்டர் வந்தபோது ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன், அதற்கப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அவரை எனக்கு நோட்டைப் பார்த்ததும் தெரிகிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் ஒருவருக்காக மீதிப் பேரிடமெல்லாம் 55 ரூபாய் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அனுப்பியதற்கு அத்தாட்சி எங்கே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். முன்பு யு.சி.பி. என்று ஒன்று இருந்தது. சாதாரணத் தபாலை இன்ன தேதியில் போட்டோம் என்று சில்லறைக் காசுக்குத் தாளில் சீல் குத்திக் கொடுப்பார்கள். அப்பா வேலைக்கு விண்ணப்பம் போட்ட காலத்துச் சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது. 2011-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்றைக்கு என்னால் தர முடிந்தது, முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரைத் தராசில் வைத்து எடுத்த போட்டோவும், இந்த நோட்டும்தான்.

நான் கேட்பது இவை.

முதலில், 150 ரூபாய்க்குள் இருக்கிற பொருளுக்கு டிராக்கிங்கைக் கட்டாயமாக்காதீர்கள். வாங்கும் இடத்திலேயே இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்: சாதாரணத் தபால் 5 ரூபாய், எண் இல்லை, ஸ்பீட் போஸ்ட் 55 ரூபாய், எண் உண்டு. தமிழில் எழுதுங்கள். காசு கொடுக்கிறவர் எது வேண்டும் என்று அவரே அழுத்தட்டும்.

சாதாரணத் தபாலைத் தேர்ந்தெடுத்தவருக்கு ‘வரவில்லை’ பொத்தான் 15 நாள் கழித்துத் திறந்தால் போதும். எனக்கு வந்த பதினொரு புகாரில் ஆறு அதற்குள் தானாகவே தீர்ந்தவை. அதற்குப் பிறகும் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர நான் தயார், என் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பொருள் விலைக்கு மேல் அபராதம் வேண்டாம். யார் விற்பனையில் புகார் நூற்றுக்கு மூன்றைத் தாண்டுகிறதோ அவரிடம் மட்டும் டிராக்கிங் கேளுங்கள், நான் தாண்டினால் என்னிடமும் கேளுங்கள். திரும்பத் திரும்ப ‘வரவில்லை’ போடுகிறவருக்குச் சாதாரணத் தபால் வசதியை மூடுங்கள்.

‘பிறகு வந்துவிட்டது’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். ரீஃபண்ட் வாங்கியவர் விரும்பினால் திருப்பிக் கொடுக்க முடிய வேண்டும்.

தேடலில் கீழே தள்ளுவதை நிறுத்துங்கள். ஒரே வகைப் பொருள் விற்கிறவர்களுக்குள் வேறுபாடு காட்டினால் அதை விற்பனையாளருக்கான நிபந்தனைகளில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. எவ்வளவு தள்ளுவீர்கள், எதை வைத்துத் தள்ளுவீர்கள் என்று உங்கள் நிபந்தனைகளில் ஒரு வரி இல்லை. தள்ளத்தான் போகிறீர்கள் என்றால், எழுதிவிட்டுத் தள்ளுங்கள்.

அதே விதிகளின்படி வாங்குபவரின் புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் கடிதத்துக்கும் அதே கெடுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தானாக வருகிற பதில் வேண்டாம், பெயர் உள்ள ஓர் ஆள் பதில் எழுத வேண்டும்.

இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பதில் வேண்டும். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, முகவரிகளை மறைத்து, இதோடு அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் 30 ரூபாய், 50 ரூபாய் பாக்கெட்டுகளை 31-ஆம் தேதி ராத்திரி உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுவேன். மொத்தம் 64 பாக்கெட். இப்போது பேசினில் ஊறிக்கொண்டிருப்பது அதில் சேரவில்லை.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து உங்கள் விற்பனையாளர் ஒருத்தி